பழைய கம்ப்யூட்டர்களுக்கு இடையில் ஃபிளாப்பி கைமாற்றுவது எப்படி

“டிஸ்க் போச்சுங்க” என்று சொல்லி என்னிடம் வரும் ஃபிளாப்பிகளில் பாதிக்கு மேல் போனவையே அல்ல. எழுதின டிரைவ் ஒன்று, இப்போது நுழைத்துப் பார்க்கிற டிரைவ் வேறொன்று. விஷயம் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும். படிக்கத் தெரியாத மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு டிஸ்க்கைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அப்படிக் குப்பைக்குப் போன ஊர்ப்பாட்டுகளும் நாடகங்களும் குடும்பக் கணக்குகளும் எத்தனையோ. இனியாவது போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். ஊர் பாலக்காடு ஜில்லாவில் இருந்தாலும் எங்கள் பக்கம் வீட்டுப் பேச்சு தமிழ், ஆபீஸ் காகிதம் மலையாளம். நான் வைத்திருந்த டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை தமிழில் அடிப்போம், பள்ளிக்கூட நோட்டீஸ் மலையாளத்தில் அடிப்போம். என்னிடம் இருந்தது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் ஓடும் பிசி. அச்சுக்கு ஃபிலிம் எடுக்கக் கோயம்புத்தூருக்கு அனுப்பினால் அங்கே ஆப்பிளின் மேக். சித்தூரிலிருந்து கேள்வித்தாள் கொண்டுவரும் மாஷ் (வாத்தியார்) கையில் இருந்தது பெரிய 5¼ இன்ச் ஃபிளாப்பி. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போன டிஸ்க் அங்கே திறக்காமல் திரும்பி வந்தால் பஸ் காசு மட்டுமா போகும், முகூர்த்த நாளும் நெருங்கிவிடும். அதனால் இந்த வித்தையைக் கற்றே ஆகவேண்டியிருந்தது. கடையை மூடிய பிறகும் பழைய மெஷின்களை விடவில்லை. உக்கடம் பழைய சாமான் கடைகளில் டிரைவ் கண்ணில் பட்டால் இன்றைக்கும் வாங்கிவிடுவேன்.

முதலில் பூட்டுங்கள்

எந்த ஃபிளாப்பி கைக்கு வந்தாலும், டிரைவில் போடுவதற்கு முன் ரைட் புரொடெக்ட், அதாவது எழுத முடியாதபடி பூட்டு, போட்டுவிடுங்கள். சின்ன ஃபிளாப்பிக்கும் பெரிய ஃபிளாப்பிக்கும் இந்த விஷயத்தில் நேர் எதிர். 3½ இன்ச்சில் மூலையில் உள்ள பிளாஸ்டிக் துண்டைத் தள்ளி ஓட்டை திறந்திருந்தால் பூட்டு. 5¼ இன்ச்சில் ஓரத்து வெட்டு திறந்திருந்தால் எழுதலாம், அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி மூடினால்தான் பூட்டு.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தனக்குப் புரியாத டிஸ்க்கைப் பார்த்ததும் விண்டோஸ் “இது ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யலாமா?” என்று கேட்கும். மேக்கும் அதே மாதிரி “இனிஷியலைஸ் செய்யட்டுமா?” என்று கேட்கும். இரண்டுமே “எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை” என்பதைத்தான் சொல்கின்றன. டிஸ்க் காலி என்று அதற்குப் பொருள் இல்லை. அவசரத்தில் யாராவது சரி என்று தட்டிவிட்டால் டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகத் தயார் செய்துவிடும், அதோடு போயிற்று. பூட்டியிருந்தால் தட்டினாலும் ஒன்றும் ஆகாது.

அடுத்து பூஞ்சை. சின்ன ஃபிளாப்பியின் உலோகத் தகட்டை ஒதுக்கி, பின்பக்கத்து உலோக வட்டத்தை விரலால் மெல்லச் சுற்றிக்கொண்டே, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ, புகை படிந்த மாதிரி மங்கலோ தெரிந்தால் அதை நல்ல டிரைவில் போடாதீர்கள். பூஞ்சை டிரைவின் படித்து எழுதும் முனையான ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து வருகிற டிஸ்க்கையும் சுரண்டிவிடும். எங்கள் கிழக்குப் பக்கம் மழை குறைவு. மேற்கே ஒற்றப்பாலம், மண்ணார்க்காடு பக்கத்திலிருந்து வருகிற பெட்டிகளில்தான் இதை அதிகம் பார்க்கிறேன்.

பெரிய ஃபிளாப்பி என்றால் உறையின் மேல் ஓரத்தைக் கத்தரியால் வெட்டி, உள்ளே இருக்கும் தட்டை வெளியே எடுத்துவிடலாம். மேல்பரப்பில் விரல் படக் கூடாது, நடு ஓட்டையையும் ஓரத்தையும் பிடித்தே கையாளுங்கள். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மென்மையான துணியால் வட்டமாக இழுக்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துவிடுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி நிழலில் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, வேண்டாத ஒரு ஃபிளாப்பியின் சுத்தமான உறைக்குள் செருகினால் படிக்கலாம். சின்ன ஃபிளாப்பிக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சி போதும். அதே ஆல்கஹாலால் டிரைவின் ஹெட்டையும் அவ்வப்போது துடைத்துவிடுங்கள். மேல் ஹெட் இருக்கும் கையை மட்டும் பலமாகத் தூக்காதீர்கள். அது இம்மி விலகினாலும் அந்த டிரைவ் அதற்குப் பிறகு எந்த டிஸ்க்கையும் ஒழுங்காகப் படிக்காது.

ஓட்டையைப் பாருங்கள்

3½ இன்ச் ஃபிளாப்பியில் ரைட் புரொடெக்ட் மூலைக்கு எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை இருந்தால் அது ஹெச்டி (ஹை டென்சிட்டி, அதிக அடர்த்தி), அதாவது 1.44 எம்பி. இல்லையென்றால் டிடி (டபுள் டென்சிட்டி, இரட்டை அடர்த்தி), 720 கேபி. இரண்டிலும் பக்கத்துக்கு 80 தடங்கள்தான், எழுத்து பதிகிற வட்டங்கள். தடத்தைத் துண்டாக்கி 9 செக்டர் எழுதினால் 720, 18 எழுதினால் 1.44.

சித்தூர் மாஷின் டிஸ்க் ஒன்றை இதற்கு உதாரணமாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் புது மெஷின் வந்து, அவரும் சின்ன ஃபிளாப்பிக்கு மாறியிருந்த சமயம். “தம்பி, ஸ்கூல் மெஷின்ல நேத்துகூடத் திறந்துச்சு, இங்கே வந்தா ஜெனரல் ஃபெயிலியர்னு சொல்லுது” என்றார். “மாஷே, ஸ்கூல்ல இருக்கிற டிரைவ் பழைய 720 தானே?” என்று கேட்டேன். ஆமாம் என்றார். டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் ஹெச்டி ஓட்டை. பழைய 720 டிரைவுக்கு அந்த ஓட்டையைப் பார்க்கிற ஊசி கிடையாது. ஹெச்டி டிஸ்க்கையும் 720 ஆகவே ஃபார்மேட் செய்து எழுதிவிடும். என் 1.44 டிரைவோ ஓட்டையைப் பார்த்ததும் 18 செக்டர் இருக்கும் என்று தேடும், கிடைக்காது, கைவிரித்துவிடும். காகித டேப் ஒரு துண்டு கிழித்து அந்த ஓட்டையை இரண்டு பக்கமும் மூடி மறுபடி போட்டதும் எல்லா ஃபைலும் வரிசையாக வந்து நின்றன. உள்ளே இருந்தவை எட்டாம் வகுப்புக் கேள்வித்தாள்கள். அந்தப் பரீட்சை மறுநாள்.

ஒளி ஊடுருவாத டேப்பாக இருக்க வேண்டும், சில டிரைவ்கள் ஊசிக்குப் பதிலாக ஒளியால் பார்க்கின்றன. எலக்ட்ரிக் டேப் வேண்டாம், நம் வெயிலுக்குப் பசை உருகி டிரைவுக்குள் இழுபடும். படித்து முடித்த கையோடு ஃபைல்களை வேறு இடத்துக்குக் காப்பி எடுத்துவிடுங்கள். ஹெச்டி டிஸ்க்கின் காந்தப் பூச்சும் டிடி பூச்சும் ஒன்றல்ல, இப்படி மாற்றி எழுதினது நெடுநாள் நிற்காது. சிக்கனம் பார்த்து 720 டிஸ்க்கில் ஓட்டை போட்டு 1.44 ஆக்கினவையும் அதே கதிதான். அவற்றைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

பெரிய ஃபிளாப்பி: போக ஒன்று, வர ஒன்று

5¼ இன்ச்சில் இருக்கும் சிக்கல் இன்னும் நுணுக்கமானது, தெரிந்தவர்களும் குறைவு. ஐபிஎம்மின் பழைய பிசி, எக்ஸ்டி மெஷின்களின் 360 கேபி டிரைவ் 40 தடம் எழுதும். 1984ல் ஐபிஎம் பிசி ஏடியோடு வந்த 1.2 எம்பி டிரைவ் 80 தடம் எழுதும். அதே அகலத்துக்குள் இரண்டு மடங்கு தடம் என்றால் ஹெட் மெலிந்துதானே ஆகவேண்டும்? ஏறக்குறைய பாதி அகலம்.

360ல் எழுதினதை 1.2 டிரைவ் சுகமாகப் படிக்கும். சிக்கல் திரும்பிப் போகும்போதுதான். அதே டிஸ்க்கில் 1.2 டிரைவ் ஒரு ஃபைலைத் திருத்தி எழுதினால், வாசலில் போட்ட அகலமான செம்மண் பட்டையின் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி ஆகிவிடும். புது எழுத்து நடுவில், பழைய எழுத்து இரண்டு ஓரத்திலும் மிச்சம். 1.2 டிரைவின் மெலிந்த ஹெட் நடுக்கோட்டை மட்டும் படித்துச் சரி என்று சொல்லும். 360 டிரைவின் அகலமான ஹெட் புதுசையும் பழசையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். இங்கே திறக்கிறது, அங்கே திறக்கவில்லை என்ற சண்டைக்கு இதுதான் காரணம். மெஷின்களில் பழுது எதுவும் இருக்காது.

நான் வைத்த வழி: போகும் டிஸ்க் வேறு, வரும் டிஸ்க் வேறு. வரும் டிஸ்க்கை 360 டிரைவ் உள்ளவர் அங்கேயே ஃபார்மேட் செய்து, அங்கேயே எழுத வேண்டும். நான் படிப்பேன், அதில் ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன். போகும் டிஸ்க் இதுவரை எந்த 360 டிரைவும் எழுதாத புது டிடி டிஸ்க்காக இருக்க வேண்டும். அதை என் 1.2 டிரைவில் ‘ஃபார்மேட் ஏ: /4’ என்று கொடுத்து 360 ஆக ஃபார்மேட் செய்து எழுதி அனுப்புவேன். ஓரத்தில் பழைய மிச்சம் ஏதும் இல்லாததால் 360 டிரைவ் அதைப் படித்துவிடும். அவர்கள் அதில் எழுதக் கூடாது. எழுதிவிட்டால் அது அப்புறம் வரும் டிஸ்க்தான். புது டிஸ்க் கிடைக்காவிட்டால், கேசட்டை மொத்தமாக அழிக்கிற காந்தக் கருவியால் பழைய டிடி டிஸ்க்கை முழுதும் அழித்துவிட்டு ஃபார்மேட் செய்தாலும் சரி. அந்தக் கருவியை மற்ற டிஸ்க்குகள் இருக்கிற மேஜையில் வைத்து ஓட்டாதீர்கள்.

1.2 எம்பி டிஸ்க்கை 360 டிரைவுக்குக் கொடுப்பது வீண் வேலை. அதன் பூச்சுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு காந்த பலம் வேண்டும், 360 டிரைவால் அதில் அழுத்தமாக எழுத முடியாது. லேபிள் கிழிந்துபோய் எது எதுவென்று தெரியாவிட்டால் நடு ஓட்டையைப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி வளையம் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் டிடி, இல்லாவிட்டால் பெரும்பாலும் ஹெச்டி.

மேக் டிஸ்க்

கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வரும் மேக் ஃபிளாப்பி பார்வைக்கு நம்முடையதைப் போலவே இருக்கும். ஆனால் 400 கேபி, 800 கேபி மேக் டிஸ்க்குகளைப் பிசியில் என்ன மென்பொருள் போட்டாலும் படிக்க முடியாது. பிசி டிரைவ் ஒரே வேகத்தில் சுற்றும். மேக் டிரைவ் வெளித்தடத்தில் மெதுவாகவும் உள்தடத்தில் வேகமாகவும் சுற்றி, வெளியே தடத்துக்கு 12 செக்டரில் ஆரம்பித்து உள்ளே வரவர 8 வரை குறைத்து எழுதும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் ஹெட் நகர நகர மோட்டாரின் சுருதி ஏறி இறங்குவது காதுக்கே தெரியும். எழுதும் குறியீட்டு முறையும் வேறு. சாதாரண பிசியில் டிரைவை ஓட்டுகிற ஃபிளாப்பி கன்ட்ரோலருக்கு அது பிடிபடாது. இப்போது கிடைக்கிற யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவும் இதைப் படிக்காது, அதற்குக் காசு செலவழித்து ஏமாறாதீர்கள்.

1988ல் மேக் டூ எக்ஸோடு வந்த டிரைவ்தான் இதைச் சுலபமாக்கியது. பிறகு அதற்கு சூப்பர்டிரைவ் என்று பெயர் வந்தது. 800ஐயும் படிக்கும், பிசி எழுதுகிற அதே முறையில் 1.44ஐயும் படிக்கும், எழுதும். அதனால் பாலம் போடும் வேலையை எப்போதும் மேக்கிடம் விடுங்கள். பிசியில் 1.44 டிஸ்க்கை டாஸ் முறையில் ஃபார்மேட் செய்து, அதை மேக்கில் போட்டு, மேக்கில் இருப்பதை அதற்குக் காப்பி எடுங்கள். மேக்கின் சிஸ்டம் 7.5லிருந்து பிசி எக்ஸ்சேஞ்ச் என்ற மென்பொருள் கூடவே வருகிறது, டாஸ் டிஸ்க் தானாகத் திரையில் தெரியும். அதற்கு முந்தைய சிஸ்டம் என்றால் ஆப்பிள் ஃபைல் எக்ஸ்சேஞ்ச் இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் டிஸ்க்கை நுழைக்க வேண்டும். முதலில் நுழைத்தால் பழைய கேள்வியே வரும், இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று.

பழைய மேக்கின் 800 டிரைவில் ஹெச்டி டிஸ்க்கைப் போட்டு எழுதியிருந்தால், சூப்பர்டிரைவிலும் அதே ஓட்டைச் சிக்கல் வரும். மருந்தும் அதே காகித டேப்தான். இனி 1.44 மேக் டிஸ்க் உங்களிடம் இருக்கிறது, மேக் இல்லை என்றால் கவலை வேண்டாம். எழுதும் முறை பிசியுடையதேதான், ஃபைல்களை அடுக்கும் முறைதான் வேறு. விண்டோஸில் ஹெச்எஃப்வி எக்ஸ்ப்ளோரர், லினக்ஸில் ஹெச்எஃப்எஸ் யுடில்ஸ் இருந்தால் ஃபைல்களை வெளியே எடுத்துவிடலாம்.

மேக் ஃபைலுக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. தரவு ஒரு பகுதி, ரிசோர்ஸ் இன்னொரு பகுதி. டாஸுக்கு ஒரு பகுதிதான் தெரியும். பழைய மேக் ஃபான்ட்கள் முழுக்க முழுக்க ரிசோர்ஸ் பகுதியில் இருக்கும். அதனால் தமிழ் ஃபான்ட்டை மேக்கிலிருந்து பிசி டிஸ்க்குக்கு வெறுமனே காப்பி எடுத்து வந்தால், பெயர் இருக்கும், அளவு பூஜ்யம் பைட். பிசி எக்ஸ்சேஞ்ச் அந்த இன்னொரு பகுதியை ஒரு மறைவான ஃபோல்டரில் வைக்கும், டாஸ் ஃபைலை மட்டும் நகர்த்தினால் அது பின்னால் தங்கிவிடும். ஒரு மேக்கிலிருந்து இன்னொரு மேக்குக்குப் பிசி வழியாகப் போக வேண்டியது எதுவானாலும், முதலில் ஸ்டஃப்இட், பின்ஹெக்ஸ் மாதிரி மென்பொருளில் கட்டி ஒரே ஃபைலாக்கிவிட்டு அனுப்புங்கள். பெயரையும் எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து என்று சுருக்கி வையுங்கள். மேக்கில் 31 எழுத்து வரை பெயர் வைக்கலாம், டாஸ் அதை வெட்டித் தன்னிஷ்டத்துக்கு ஒரு பெயர் கொடுத்துவிடும்.

மற்ற மெஷின்கள்

வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் வீட்டுப் பரணில் அரபு எழுத்து போட்ட சக்கர் கம்ப்யூட்டர் இருந்தால், அது எம்எஸ்எக்ஸ் என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் வகை. நல்ல செய்தி, எம்எஸ்எக்ஸ் டாஸ் பிசி டாஸ் மாதிரியே ஃபைல்களை அடுக்கும். பிசியில் 720 ஆக ஃபார்மேட் செய்த டிஸ்க் அங்கே ஓடும். அட்டாரி எஸ்டி என்ற பழைய கம்ப்யூட்டரும் அப்படியே. அமிகா என்ற கம்ப்யூட்டர் தன் முறையில் 880 கேபி எழுதும், அதைப் பிசி படிக்காது. ஆனால் அமிகாவில் கிராஸ்டாஸ் என்ற மென்பொருள் இருந்தால் அது பிசியின் 720ஐப் படிக்கும், எழுதும். ஆக, எந்த மெஷினுக்குக் கொடுப்பது என்று தெரியாவிட்டால் டாஸ் 720 டிஸ்க் ஒன்று தயார் செய்து கொடுங்கள். டாஸில் ‘ஃபார்மேட் ஏ: /எஃப்:720’. விண்டோஸ் எக்ஸ்பி என்றால் ‘/T:80 /N:9’. டிடி டிஸ்க்காக இருக்கட்டும்.

1984ல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டர் கொடுத்தது. அந்தக் காலத்து டிஸ்க் யாரிடமாவது இருந்தால் அது ஒற்றை அடர்த்தியில் எழுதினது, தடத்துக்கு 10 செக்டர், செக்டருக்கு 256 பைட். பிசி கன்ட்ரோலர்களில் பலவற்றுக்கு ஒற்றை அடர்த்தியே தெரியாது. கடைசியில் சொல்லப்போகிற பலகை அதற்குத்தான்.

டிரைவுக்குள் டிஸ்க்கை மாற்றியும் முந்தைய டிஸ்க்கின் ஃபைல் பட்டியலே திரையில் தெரிகிறதா? உடனே கையை எடுங்கள், ஒன்றும் எழுதாதீர்கள். டிஸ்க் மாறியது என்று டிரைவ் சொல்லும் 34ஆம் கம்பி சமிக்ஞை போய்ச் சேரவில்லை. அந்த நிலையில் எழுதினால் பழைய பட்டியல் புது டிஸ்க்கின் மேல் ஏறி இரண்டும் கெடும். டிரைவ் விளக்கு மெஷினைப் போட்ட நேரத்திலிருந்து அணையாமலே எரிந்தால் ரிப்பன் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்கள், அணைத்துவிட்டுத் திருப்பிப் போடுங்கள்.

எழுத்து

ஃபைல் வந்துவிட்டது, திறந்தால் கிறுக்கல். இங்கேதான் பலர் மறுபடியும் “போச்சு” என்கிறார்கள். சாதாரண ஆங்கில டெக்ஸ்ட்டிலேயே, வரி முடிவுக்கு டாஸ் இரண்டு குறி போடும், மேக் ஒன்று போடும், யூனிக்ஸ் இன்னொன்று போடும். எல்லாம் ஒரே வரியாக ஓடினால் அதுதான் காரணம், எடிட்டரில் மாற்றிக்கொள்ளலாம். வேர்ட்ஸ்டார் என்ற பழைய டைப்பிங் மென்பொருளில் அடித்ததில் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கெட்டிருந்தால், கம்ப்யூட்டர் அந்த எழுத்துக்கு வைத்திருக்கும் எண்ணோடு 128 கூட்டியிருப்பதுதான் விஷயம். 128ஐக் கழித்தால் முழு எழுத்தும் திரும்ப வரும்.

தமிழுக்கு வருவோம். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு பரவுவதற்கு முந்தைய நம் ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலும், 128க்கு மேலுள்ள ஐரோப்பிய எழுத்துகளின் இடத்திலும் தமிழ் உருவங்களை வைத்தவை. மேக்கும் விண்டோஸும் அந்த மேல்பாதியை வெவ்வேறு வரிசையில் வைத்திருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்களின் மேல்கோடு போட்ட ‘é’ மேக்கில் 142, விண்டோஸில் 233. காப்பி எடுக்கும் மென்பொருள் உதவி செய்வதாக நினைத்து 142ஐ 233 ஆக மாற்றிவிடும். பிரெஞ்சுக்காரருக்கு அது உதவி. நமக்கு 142ல் ‘கு’ இருந்திருந்தால் 233ல் வேறேதோ இருக்கும், பத்திரிகையில் மாப்பிள்ளை பேரே மாறிவிடும். அதனால் மேக்கிலிருந்து எடுக்கும்போது எழுத்து மாற்றம், டெக்ஸ்ட் டிரான்ஸ்லேஷன் என்று எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லி, பைட்டுக்கு பைட் அப்படியே எடுங்கள். வரி முடிவை அப்புறம் தனியாகச் சரிசெய்யலாம்.

அப்படி எடுத்த பிறகு எந்த ஃபான்ட் என்பது தெரிய வேண்டும். ஃபான்ட் பெயர் தெரிந்தால் என்ஹெச்எம் கன்வெர்ட்டரில் தமிழை யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். மலையாளத்தில் பெரும்பாலும் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கார்த்திகா, ரேவதி ஃபான்ட்கள்தான். அவற்றுக்கு ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற குழு செய்த பய்யன்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. எங்கள் ஊர் டிஸ்க்குகளில் ஒரே ஃபைலில் தமிழும் மலையாளமும் கலந்து வரும், வெறும் டெக்ஸ்ட்டாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிக் கிறுக்கல். ஆகவே டெக்ஸ்ட்டை உருவி எடுப்பதற்கு முன், ஃபான்ட் விவரத்தோடு உள்ள மூல ஃபைலைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்திய எழுத்துகளைக் காட்டுகிற சி-டாக்கின் ஜிஸ்ட் அட்டை போட்ட டாஸ் மெஷினில் அடித்தது என்றால் அது இஸ்கி குறியீடு. 1991ல் ஐஎஸ் 13194 என்று தரமாக்கப்பட்டது. அதில் இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துக்கு ஒரே எண். தமிழ் ‘க’வும் 179, மலையாளக் ‘க’வும் 179. தமிழில் அடித்ததை மலையாள வரிவடிவில் திறந்தால் அப்படியே மலையாள எழுத்தில் நிற்கும். அதனால் இஸ்கி ஃபைல் வந்தால் எந்த மொழியில் அடித்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலையாள எழுத்தில் விசித்திரமான மலையாளம் தெரிந்தால், அது தமிழாக இருக்கும்.

டிஸ்க்கே ஒத்துப்போகாவிட்டால்

இரண்டு மெஷினும் ஓடுகிறது, டிரைவ்கள் மட்டும் எந்த வழியிலும் ஒத்துப்போகவில்லை. அப்போது டிஸ்க்கை மறந்துவிட்டு, கம்பி வழியாக ஃபைல் அனுப்ப மெஷினின் பின்னால் உள்ள சீரியல் போர்ட்டைப் பாருங்கள். மூன்று கம்பி போதும். இரண்டு பக்கமும் 9 பின் என்றால் 2ஐ 3க்கும், 3ஐ 2க்கும், 5ஐ 5க்கும் இணையுங்கள். ஒரு பக்கம் 25 பின் என்றால் இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 25 பின்னில் 2ம் 3ம் ஏற்கெனவே இடம் மாறியிருக்கும். ஆகவே 2க்கு 2, 3க்கு 3, 9 பின்னின் 5ஐ 25 பின்னின் 7க்கு. இரண்டு பக்கமும் ஃபைல் அனுப்பும் மென்பொருளான கெர்மிட் போட்டு, ஒரே வேகம் வையுங்கள். 1981ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்த கெர்மிட் இல்லாத பழைய மெஷின் அபூர்வம். 9600 வேகத்தில் நொடிக்குக் கிட்டத்தட்ட 960 பைட் போகும். ஒரு முழு 360 டிஸ்க்குக்கு ஆறரை நிமிடம், சரிபார்ப்போடு இன்னும் கொஞ்சம். இரண்டும் பிசியாக இருந்து டாஸ் 6 இருந்தால் அதிலுள்ள இன்டர்லிங்க் போட்டு அடுத்த மெஷினின் டிரைவையே உங்கள் டிரைவாகப் பார்க்கலாம்.

எழுதின மெஷினே இல்லை, டிஸ்க் மட்டும்தான் இருக்கிறது என்றால் கிரீஸ்வீசில் என்ற சின்னப் பலகை வாங்குங்கள். கெய்ர் ஃப்ரேசர் வடிவமைத்தது, திறந்த வடிவமைப்பு. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் 34 பின் ரிப்பன் கேபிளில் சாதாரண பிசி ஃபிளாப்பி டிரைவ். அது செக்டர், ஃபைல் எதையும் கேட்பதில்லை. தடத்தில் காந்தம் எந்தெந்த இடத்தில் திசை மாறுகிறது என்பதை மட்டும் நேரத்தோடு பதிந்துகொள்கிறது. அந்தப் பதிவிலிருந்து மேக் 800, அமிகா 880, பிபிசி மைக்ரோ எல்லாவற்றையும் பிறகு நிதானமாகப் பிரித்தெடுக்கலாம். மேலே படிக்க முடியாது என்று சொன்ன மேக் டிஸ்க்கைக்கூட அதே பிசி டிரைவ் இந்தப் பலகையோடு படித்துவிடும். பெரிய ஃபிளாப்பிக்குப் பெரிய டிரைவ் வேண்டும், அதற்கு 12 வோல்ட்டும் தனியாகக் கொடுக்க வேண்டும். பழைய டிரைவ் எங்கே கண்டாலும் வாங்கி வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

எந்த வழியில் போனாலும் முதல் படிப்பிலேயே முழு டிஸ்க்கின் பிரதியையும் ஒரே ஃபைலாக எடுத்துவிட்டு, மற்ற வேலைகளை அந்தப் பிரதியில் செய்யுங்கள். ஒரு டிரைவில் இரண்டு செக்டர் வரவில்லை என்றால் இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஹெட் நிற்கும் இடம் டிரைவுக்கு டிரைவ் இம்மி வித்தியாசப்படும், ஒன்றில் வராதது இன்னொன்றில் வரும். லினக்ஸில் டிடி ரெஸ்க்யூ என்ற மென்பொருள், எது வந்தது எது வரவில்லை என்று குறித்து வைத்துக்கொண்டு, விட்டுப்போனதை மட்டும் மறுபடி தேடும்.

டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும்போது லேபிளில் எழுதின மெஷின், டிரைவ் வகை, ஃபான்ட் பெயர், மொழி, பிரதி எடுத்த தேதி எல்லாம் குறித்துக் கொடுங்கள். பெரிய ஃபிளாப்பிக்கு லேபிளைத் தனியாக எழுதி அப்புறம் ஒட்ட வேண்டும். ஒட்டின லேபிளின் மேல் எழுதியே ஆகவேண்டும் என்றால் நுனி மெத்தென்று இருக்கும் ஸ்கெட்ச் பேனா எடுங்கள், பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் உறையைத் தாண்டித் தட்டில் பள்ளம் போட்டுவிடும்.